நிலவியல் படித்தவர் சூரிய மின்சாரத் துறைக்கு மாறுவது எப்படி: கோலாலம்பூரில் நான் பட்டதும் நீங்கள் படாமல் இருக்க வேண்டியதும்

எண்ணெய், எரிவாயுத் துறையில் நில அதிர்வுத் தரவுகளைப் படித்து, அடியில் என்ன பாறை இருக்கிறது என்று சொல்வது என் வேலை. பதினொரு ஆண்டு செய்தேன். ஒரு திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆட்குறைப்புக் கடிதம் வந்தது. பன்னிரண்டு மணிக்கு மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செந்தூலுக்குத் திரும்பிவிட்டேன். இன்று பூச்சோங்கில் ஒரு சோலார் நிறுவனத்தில் தள ஆய்வும் வடிவமைப்பும் செய்கிறேன். இடையில் 14 மாதம் போனது. வரிசை தெரிந்து செய்திருந்தால் எட்டு மாதம் போதும். மீதி ஆறு மாதமும் தவறான கதவுகளைத் தட்டியே கழிந்தன. அந்த ஆறு மாதத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தவே இதை எழுதுகிறேன்.

மலேசியக் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மனத்தில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு முதல் படி பொருந்தாது.

1. முதல் அறுபது நாளை வீணாக்காதீர்கள்

வேலை போனதும் எல்லோரும் முதலில் செய்வது சுயவிவரத்தைத் திருத்துவது. அது காத்திருக்கட்டும். முதலில் சொக்சோ, அதாவது சமூகப் பாதுகாப்பு நிறுவனம். சம்பளச் சீட்டில் மாதாமாதம் சில ரிங்கிட் பிடித்தார்களே, எஸ்.ஐ.பி. என்று ஒரு வரி, அது வேலை காப்புறுதி. 2017ஆம் ஆண்டின் 800ஆம் சட்டத்தின் கீழ் வந்தது. வேலை இழந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இணையத்திலேயே செய்யலாம்.

நான் 52ஆம் நாள் விண்ணப்பித்தேன். கூச்சம்தான் காரணம். "நமக்கெதற்கு அரசாங்கப் பணம்" என்று மாமியார் ஒரு வார்த்தை சொன்னதும் அந்தக் கூச்சம் இரட்டிப்பானது. அது அரசாங்கப் பணம் அல்ல, நீங்களும் முதலாளியும் கட்டிய சந்தா. முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும், பிறகு படிப்படியாகக் குறையும், அதிகபட்சம் ஆறு மாதம். காப்புறுதிச் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு (2024 அக்டோபர் முதல் 6,000 ரிங்கிட்). ஆகவே 12,000 வாங்கியவருக்கும் அந்த வரம்பை வைத்துத்தான் கணக்கு.

தேவைப்படுபவை: பணிநீக்கக் கடிதம், அடையாள அட்டை, கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம். கடிதத்தில் என்ன வார்த்தை இருக்கிறது என்று கூர்ந்து பாருங்கள். தானாக விலகியவருக்கு இந்தப் பணம் கிடையாது. விருப்ப ஓய்வுத் திட்டத்தில் போனவருக்கு உண்டு. குறித்த கால ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவருக்கு இல்லை. எண்ணெய்த் துறையில் நம்மில் பாதிப் பேர் ஒப்பந்தத்தில் ஓடுகிறவர்கள் என்பதால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "ராஜினாமா கடிதம் கொடுத்துவிடுங்கள், பெயருக்கு நல்லது" என்று மனிதவளப் பிரிவில் யாராவது அன்பாகச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதே காப்புறுதியில் பயிற்சிக் கட்டணமும் உண்டு. நான் விண்ணப்பித்தபோது வரம்பு 4,000 ரிங்கிட். ஆனால் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் வகுப்பில் சேர வேண்டும். நான் ஆர்வத்தில் முதலில் பணம் கட்டி, பிறகு ரசீதோடு போனேன். சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இழப்பீட்டுத் தொகை பற்றி ஒன்று: வேலையிழப்புக்கான இழப்பீட்டில், முழுதாகச் செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 10,000 ரிங்கிட் வரை வரி விலக்கு உண்டு. நிறுவனம் வருமான வரி வாரியத்துக்கு அனுப்பும் கடிதத்தில் சேவை ஆண்டுகள் சரியாக இருக்கின்றனவா என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். சேமநிதியின் ஃபிளெக்சிபெல் கணக்கு 2024 மே முதல் எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கத் திறந்திருக்கிறது. அதைத் தொடாதிருந்தால் நல்லது, நான் தொட்டேன்.

2. எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். என் பணம் போன இடம் இதுதான்.

"மின் பொறியாளர் ஆகப்போகிறேன்" என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மலேசியாவில் பொறியாளர் என்பது சட்டம் காக்கும் பெயர். 1967ஆம் ஆண்டின் 138ஆம் சட்டப்படி பொறியாளர் வாரியத்தில் பதிந்தவர்தான் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். பதிவதற்கு, அங்கீகாரம் பெற்ற பொறியியல் இளங்கலைப் பட்டம் வேண்டும். நிலவியல் இளங்கலையின் மேல் மின் பொறியியல் முதுகலையை ஏற்றி வைத்தாலும் அந்த வாரியத்தின் கண்ணுக்கு அடித்தளம் நிலவியல்தான்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தனியார் கல்லூரியில் முதுகலைக்கு முன்பணம் கட்டினேன். "முடித்ததும் பொறியாளர் வழி திறக்கும்" என்றார் சேர்க்கைப் பிரிவிலிருந்த பெண். எழுத்தில் கேட்டேன், பதிலே வரவில்லை. முன்பணமும் வரவில்லை. நீங்கள் ஏதாவது படிப்பில் சேரும் முன் இந்த ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள்: "இதை முடித்தால் எந்தச் சட்டத்தின் கீழ், எந்த வாரியத்தில், என்ன பெயரில் பதியலாம்?" பதில் ஒரு வரியில் வராவிட்டால் விலகிவிடுங்கள்.

அந்தக் கதவுக்குள் போயே ஆக வேண்டும் என்றால் நான்கு ஆண்டு இளங்கலையை மறுபடி படிக்க வேண்டும். 24 வயது என்றால் யோசிக்கலாம். 36 வயதில், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளோடு, நான் யோசிக்கவில்லை.

அடுத்தது எரிசக்தி ஆணையத்தின் கதவு. வயர்மேன் (வயரிங் செய்பவர்), சார்ஜ்மேன் (மின் நிறுவல்களை இயக்கிப் பார்த்துக்கொள்பவர்) தகுதிச் சான்றிதழ்கள். ஒரு ஃபேஸ், மூன்று ஃபேஸ், தாழ்ந்த மின்னழுத்தம், உயர் மின்னழுத்தம் என்று படிகள் உண்டு. இதில் பட்டத்தைப் பார்க்க மாட்டார்கள், கையைப் பார்ப்பார்கள். கோலாலம்பூரில் குச்சாய் லாமாவிலும், பினாங்குப் பக்கம் நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை பெயர் தாங்கிய தொழிற்பயிற்சிக் கழகத்திலும் மின் துறைப் பயிற்சி நடக்கிறது. பட்டம் வாங்கியவர் வயரிங் படிப்பதா என்று நினைக்கும் உறவினர்கள் நமக்கு உண்டு. அவர்களை விடுங்கள். சான்றிதழ் உள்ள வயர்மேன் நாளைக்கே வேலைக்குப் போகலாம்; முதுகலைச் சான்றிதழோடு நான் நேர்காணலுக்கு அலைந்திருப்பேன்.

மூன்றாவது, தொழில்நுட்பவியலாளர் வாரியம். 768ஆம் சட்டம். அறிவியல் பட்டம் உள்ளவர்களை ஏற்கிற வாரியம் இது. பசுமைத் தொழில்நுட்பம் என்று ஒரு பிரிவும், கனிமவளம், நில அளவை, ஆய்வு சார்ந்த ஒரு பிரிவும் இருக்கின்றன. நான் பட்டதாரித் தொழில்நுட்பவியலாளராகப் பதிந்திருக்கிறேன். சம்பளம் கூடவில்லை. ஆனால் ஒப்பந்தப் புள்ளிகளில் குழுப் பட்டியலில் என் பெயரைப் போட அது உதவுகிறது.

நான்காவதுதான் எனக்குத் திறந்தது: நிலைத்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையத்தின், எல்லோரும் செடா என்று சொல்வதன், மின்கட்டமைப்போடு இணைந்த சூரிய மின் அமைப்பு வடிவமைப்புப் பயிற்சி. அதற்கு ஐந்தாம் படியில் வருகிறேன்.

நிலவியலாளர் வாரியத்தில் ஏற்கெனவே பதிந்திருந்தால் அதைக் கைவிடாதீர்கள். கோபத்தில் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டேன், பிறகு அதற்காக அலைந்தேன். சரிவில் சோலார் பண்ணை போடுகிறவர்களுக்கு நிலவியல் அறிக்கையில் கையெழுத்திட ஆள் வேண்டும்.

3. கையில் இருப்பதை முதலில் எண்ணுங்கள்

"எனக்கு மின்சாரம் பற்றி ஒன்றும் தெரியாது" என்று நான் ஆறு மாதம் நம்பினேன். அது பொய் என்று எனக்குக் காட்டியது ஓர் எர்த்திங் ஒப்பந்தக்காரரின் மஞ்சள் பெட்டி.

கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் தரைமட்ட சோலார் தளம். நான் கூலியில்லாத பயிற்சியாளராகப் போயிருந்தேன். இருவர் நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே நேர்கோட்டில், சம இடைவெளியில் தரையில் அடித்து, நான்கு நிற வயர்களை அந்தப் பெட்டியில் சொருகினார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வென்னர் முறை! இரண்டாம் ஆண்டுக் களப்பயிற்சியில் நிலத்தடி நீர் தேட நாங்கள் அடித்த அதே கம்பிகள். அங்கே நீருக்காக அளந்தோம். இங்கே இடி மின்னலும் பழுது மின்னோட்டமும் பத்திரமாக மண்ணுக்குள் இறங்குமா என்று பார்க்க அளக்கிறார்கள். கணக்கு ஒன்றே: 2π என்ற எண்ணைக் கம்பிகளின் இடைவெளியாலும் அளந்த தடையாலும் பெருக்கினால் மண்ணின் மின்தடைத்திறன். நான்கு மீட்டர் இடைவெளியில் 12 ஓம் காட்டினால் ஏறக்குறைய 300 ஓம் மீட்டர்.

அவர்கள் ஒரே திசையில் அளந்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார்கள். கம்பிகள் அடித்த கோட்டுக்கு இணையாகப் பழைய நீர்க்குழாய் ஒன்று மண்ணுக்குள் ஓடுவதைத் தோட்டத்து வரைபடத்தில் பார்த்திருந்தேன். உலோகக் குழாய் பக்கத்தில் ஓடினால் அளவு பொய்யாகக் குறையும். "குறுக்கே ஒரு தடவை அடித்துப் பார்க்கலாமா?" என்றேன். அடித்தார்கள். இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. அன்றுவரை என்னை "மேடம்" என்று தள்ளி வைத்திருந்த வயர்மேன் அண்ணன் அன்றைக்குப் பசியாறும்போது தன் தோசையில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார்.

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அளந்த எண்ணை நம்பி எர்த்திங் வடிவமைக்கக் கூடாது, காய்ந்த காலத்து எண்ணையும் வாங்க வேண்டும் என்பது நமக்கு உள்ளுணர்வாகத் தெரியும். மின் துறையிலிருந்து வந்தவர்களுக்கு மண் பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் ஒரு சின்னம்.

இப்படி எண்ணிப் பாருங்கள். பாறைப் படுகையின் சாய்வும் திசையும் அளந்தவருக்குக் கூரையின் சாய்வும் திசையும் அதே கணக்கு. முன்னாள் ஈயச் சுரங்க நிலங்களில் மணலும் சேறும் மாறி மாறி இருக்கும். அங்கே கம்பம் நிற்குமா, பிடுங்குசோதனையில் எவ்வளவு தாங்கும் என்று யோசிக்கிற பழக்கம் உங்களிடம் இருக்கிறது. வரைபட மென்பொருள் தெரியும். ஐந்து இடத்தில் தோண்டி ஐம்பது ஏக்கரைப் பற்றிப் பேசுவது, அதிலுள்ள நிச்சயமின்மையை எண்ணாகச் சொல்வது, இவை சூரிய விளைச்சல் மதிப்பீட்டில் அப்படியே தேவைப்படுகின்றன. சுயவிவரத்தில் "நில அதிர்வு விளக்கம், 11 ஆண்டு" என்று எழுதினால் யாருக்கும் புரியாது. இந்த மொழியில் எழுதுங்கள்.

4. அடிப்படை மின்சாரம்: மூன்று மாதம், தினம் இரண்டு மணி நேரம்

ஓம் விதி, தொடர் இணைப்பு, பக்க இணைப்பு, மாறுதிசை மின்னோட்டம், மூன்று ஃபேஸ், திறன் காரணி, பாதுகாப்புச் சாதனங்கள். இந்த வரிசைதான். நம் நாட்டில் ஒரு ஃபேஸ் 230 வோல்ட், மூன்று ஃபேஸ் 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஐந்தாம் படிவ இயற்பியல் நூலில் தொடங்கினேன், வெட்கமில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது நேர்மின்னோட்டத்தின் (டி.சி.) மீது பயம். வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியத்தைத் தொடும், அதனால் தீப்பொறி அணையச் சந்தர்ப்பம் உண்டு. பேனல்களின் வரிசையில் 600 முதல் 1,000 வோல்ட் வரை நேராக ஓடும். மின்னோட்டம் ஓடும்போது இணைப்பானைப் பிடுங்கினால் தீப்பொறி அணையாமல் நிற்கும். வெயில் இருக்கும்வரை பேனலை அணைக்க முடியாது. மல்டிமீட்டர் வாங்குகிறீர்கள் என்றால் 1,000 வோல்ட் மூன்றாம் வகைப் பாதுகாப்பு மதிப்பு அச்சிட்டதாகப் பாருங்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கிடைக்கும் 25 ரிங்கிட் மஞ்சள் மீட்டர் இதற்கல்ல.

பயிற்சிக்குப் போகும் முன்பே ஒரு கணக்கைக் கையால் போடப் பழகுங்கள். ஒரு பேனலின் திறந்த சுற்று மின்னழுத்தம் (எதையும் இணைக்காதபோது காட்டுவது) 50 வோல்ட், வெப்பநிலைக் குணகம் ஒரு பாகைக்கு 0.27 விழுக்காடு குறைவு என்று வைத்துக்கொள்வோம். தகவல் தாளில் உள்ள எண் 25 பாகையில் அளந்தது. நம் ஊரில் விடியற்காலைக் குளிரில் 20 பாகை என்று எடுத்தால் ஐந்து பாகை குறைவு, மின்னழுத்தம் 50.7 வோல்ட்டாக ஏறும். பேனலின் நேர்மின்னோட்டத்தை மாறுதிசை மின்னோட்டமாக மாற்றும் இன்வெர்ட்டர் 1,000 வோல்ட் தாங்கும் என்றால் ஒரு வரிசையில் 19 பேனல்தான். 20 போட்டால் எல்லை தாண்டும். மறுபக்கம், தகரக் கூரை மேல் பேனல் நண்பகலில் 70 பாகை போகும். அப்போது மின்னழுத்தம் சரியும், வரிசை மிகக் குட்டையாக இருந்தால் இன்வெர்ட்டர் விழிக்காது. ஐரோப்பியக் காணொளிகளில் பனிக்கால எண்களைப் போட்டுக் காட்டுவார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு நம் ஊருக்குத் தேவையில்லாத அளவு வரிசையைக் குறைத்துவிடாதீர்கள்.

5. செடா வடிவமைப்புப் பயிற்சி

செடா அங்கீகரித்த பயிற்சி மையங்களில்தான் இது நடக்கும். ஷா ஆலமில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நீண்ட காலமாக நடத்துகிறது. மையங்களின் தற்போதைய பட்டியலைச் செடாவிடமே சரிபாருங்கள், விளம்பரத்தைப் பார்த்துச் சேராதீர்கள். "சோலார் வல்லுநர் சான்றிதழ், இரண்டே நாள்" என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாளை எந்த நிறுவனமும் மதிக்கவில்லை.

கட்டணம் சில ஆயிரம் ரிங்கிட். மையத்துக்கு மையம் மாறும். பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை: தேர்வுக் கட்டணம் உள்ளடக்கமா, மறுதேர்வுக்கு எவ்வளவு, குறைந்தபட்ச ஆள் சேராவிட்டால் வகுப்பைத் தள்ளிவைப்பீர்களா, என் நிலவியல் பட்டத்தை நுழைவுத் தகுதியாக ஏற்பீர்களா. கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். என் வகுப்பு ஆள் போதாமல் ஒரு தடவை தள்ளிப்போனது. அதில் ஐந்து வாரம் கரைந்தது. ஆகவே சேர்ந்ததும் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

வகுப்பில் 1837 என்ற மலேசியத் தர ஆவணத்தைப் பற்றி அடிக்கடி பேசுவார்கள். மின்கட்டமைப்போடு இணைந்த சூரிய அமைப்பை நிறுவுவதற்கான தரம் அது. மென்பொருள் எல்லாவற்றையும் கணக்கிட்டுத் தரும் என்று நம்பிப் போன இளைஞர்கள் திணறினார்கள். நான்காம் படியில் சொன்ன கணக்கைக் கையால் போட்டுப் பழகியிருந்ததால் நான் தப்பித்தேன். வடிவமைப்பு மென்பொருளான பிவிசிஸ்டைச் சோதித்துப் பார்க்க 30 நாள் இலவசம். அந்த முப்பது நாளை வகுப்பு முடிந்த பிறகு தொடங்குங்கள். நான் முன்பே தொடங்கி, ஒன்றும் புரியாமலே கெடு முடிந்தது.

சான்றிதழ் கிடைத்துவிட்டது என்பதற்காக வயரைத் தொடாதீர்கள். நீங்கள் வடிவமைப்பவர். வயரிங் செய்ய, சோதிக்க, மின்சாரம் ஏற்ற எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் உள்ளவரும், பதிவு பெற்ற மின் ஒப்பந்தக்காரரும் வேண்டும்.

6. முதுகலை?

பிறகு பார்க்கலாம். வேலைக்குள் நுழைந்து ஒரு வருடம் ஆன பிறகு, எது தெரியவில்லை என்று தெரிந்த பிறகு, பகுதி நேரமாக. பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகத்தின் சூரிய ஆற்றல் ஆய்வுக் கழகம், காஜாங்கில் யுனிடென், நகருக்குள் மலாயாப் பல்கலைக்கழகம் என்று நல்ல இடங்கள் அருகிலேயே இருக்கின்றன. ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இது முதல் படியாக இருக்கலாம்.

7. கூரை ஏறும் முன்

கட்டுமானத் தளத்துக்குள் நுழைய, கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.யின் பச்சை அட்டை வேண்டும். ஒரு நாள் பயிற்சி, அன்றோ சில நாளிலோ முடிந்துவிடும் விஷயம். நேர்காணலுக்கு முன்பே எடுத்துவையுங்கள், "அட்டை இருக்கிறதா?" என்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் கேள்வி. உயரத்தில் வேலை செய்யும் பயிற்சி தனி. மின் விநியோக நிறுவனமான தெனாகா நேஷனலின் வளாகங்களுக்குள் போகும் வேலை என்றால் அவர்களுடைய பாதுகாப்புக் கடவுச்சீட்டும் கேட்பார்கள். அதை நிறுவனமே எடுத்துக்கொடுப்பது வழக்கம்.

கூரை வேலை காலை ஏழரைக்குத் தொடங்கி மதியத்துக்குள் முடிய வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை மூன்று மணி மேகத்தோடு பந்தயம் கட்டாதீர்கள்.

என் முதல் கூரையில் நடந்ததைச் சொல்கிறேன். காப்பார் பக்கம் ஒரு கிடங்கு. கூரையின் திசையை அளக்க, பல்கலைக்கழக நாளிலிருந்து கூடவே இருக்கும் காந்தத் திசைகாட்டியை எடுத்தேன். தீபகற்பத்தில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வேறுபாடு மிகக் குறைவு என்பதால் திருத்தம்கூடப் போட வேண்டாம் என்று பெருமையாக எண்ணினேன். குறித்துக்கொண்டு வந்து வடிவமைப்பில் போட்டேன். விண்கோள் படத்தின் மேல் வைத்தால் பேனல்கள் கூரைக்குக் கோணலாக நின்றன. காலடியில் முழுக்க எஃகுத் தகடு! காந்த முள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பதினொரு ஆண்டு நிலவியலாளருக்கு இது தோன்றவில்லை. சாய்வைத் திசைகாட்டியால் அளக்கலாம். திசையைத் தரையில் நின்றோ, படத்திலிருந்தோ எடுங்கள்.

நாம் நிலநடுக்கோட்டுக்கு மூன்று, ஐந்து பாகை வடக்கே இருப்பதால் திசை பெரிய விஷயமில்லை, கிழக்கு மேற்குக் கூரைகளும் நன்றாகவே விளையும். சாய்வை மட்டும் முற்றிலும் தட்டையாக விடாதீர்கள். பத்து பாகை சாய்வு இருந்தால் மழை பேனலைக் கழுவிவிடும்.

8. கோப்பு

ஒரு நீல நிறக் கோப்பு வாங்கி எல்லாவற்றையும் அதில் வையுங்கள், கைப்பேசியிலும் ஒரு பிரதி. பட்டச் சான்றிதழும் முழு மதிப்பெண் பட்டியலும் (பாடத் தலைப்புகள் தெரியும்படி, புவி இயற்பியல், கணிதம், இயற்பியல் எடுத்திருந்தால் அதை மஞ்சள் பேனாவால் காட்டுங்கள்), முந்தைய முதலாளியின் சேவைக் கடிதம், பணிநீக்கக் கடிதம், வாரியப் பதிவுகள், பச்சை அட்டை, ஓட்டுநர் உரிமம், பயிற்சிச் சான்றிதழ், அத்தனை கட்டண ரசீதுகளும். சேவைக் கடிதத்தை வேலையை விட்டுப் போகும் நாளிலேயே வாங்குங்கள். மனிதவளப் பிரிவில் உங்களைத் தெரிந்தவரும் அடுத்த சுற்றில் போய்விடலாம். எனக்கு அப்படித்தான் ஆனது, நான்கு வாரம் மின்னஞ்சல் எழுதினேன்.

வெளிநாட்டில் படித்தவர் என்றால் பட்ட அங்கீகாரம் பற்றி மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள், இது மெதுவாக நகரும்.

இவற்றோடு நீங்களே செய்த ஒரு வேலையும் வேண்டும். நான் என் அண்ணன் வீட்டுக் கூரைக்கு ஒரு வடிவமைப்பு செய்தேன்: நிழல் ஆய்வு, வரிசைக் கணக்கு, ஒற்றைக் கோட்டு வரைபடம், ஆண்டு விளைச்சல். நம் நாட்டில் ஒரு கிலோவாட் பேனலுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 கிலோவாட் மணி நேரம் என்று தொடங்கி, பக்கத்து வீட்டு மாமரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்று ஆறு பக்கம் எழுதினேன். நேர்காணலில் பதினொரு ஆண்டு அனுபவத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார்கள், மாமரத்தைப் பற்றி அரை மணி நேரம்.

9. எங்கே தேடுவது

கூரை அமைப்பு செய்யும் சிறு நிறுவனங்கள் பூச்சோங், ஷா ஆலம், சுபாங், கிள்ளான் கடைவீடுகளில் இருக்கின்றன. செடாவில் பதிவு பெற்ற சேவையாளர் பட்டியல் பொதுவில் உண்டு. அதைப் பார்த்து நேராக எழுதுங்கள். வேலை விளம்பரங்களில் "மின் பொறியியல் பட்டம் அவசியம்" என்று போட்டிருப்பார்கள், கணினி உங்களை முதல் சுற்றிலேயே தள்ளிவிடும். மனிதரிடம் போக வேண்டும். ஆண்டுதோறும் கே.எல்.சி.சி. மாநாட்டு மையத்தில் நடக்கும் ஐஜெம் பசுமைத் தொழில்நுட்பக் கண்காட்சியில் மூன்று நாள் சுற்றினால் ஐம்பது விண்ணப்பத்துக்குச் சமம்.

பெரிய தரைமட்டத் திட்டங்கள் செய்பவர்கள்தாம் நிலவியலாளருக்கு நல்ல இடம். நிலம் தேடுவது, மண் ஆய்வை மேற்பார்ப்பது, வெள்ளம், சரிவு, எர்த்திங். பினாங்கில் இருந்தால் பாயான் லெப்பாஸ், பிறை ஆலைக் கூரைகள். பாலம் தாண்டிக் கூலிமில் ஃபர்ஸ்ட் சோலாரின் பேனல் ஆலை. அவர்கள் பயன்படுத்துவது காட்மியம் டெலுரைடு மெல்லேடு (மெல்லிய படலம்), சிலிக்கான் அல்ல. கனிமவியல் படித்தவருக்குப் பேச விஷயம் இருக்கிறது.

நேர்காணலுக்கு முன் திட்டங்களின் பெயர்களைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். மிஞ்சும் சூரிய மின்சாரத்தை மின்கட்டமைப்புக்குக் கொடுத்துக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும், வீட்டுக் கூரைகளுக்கான நெம் 3.0 திட்டம் 2025 ஜூன் 30ஆம் தேதி மூடப்பட்டது. 2026 ஜனவரி முதல் அதன் இடத்தில் சோலார் அதாப் திட்டம். நிறுவனங்கள் பசுமை மின்சாரத்தை நேரடியாக வாங்கும் கிரெஸ் திட்டம் 2024இல் வந்தது. பழைய பயிற்சிக் குறிப்புகளை மனப்பாடம் செய்துவிட்டு நெம் விகிதத்தை ஒப்பித்தால் எதிரே உட்கார்ந்திருப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

சம்பளம். முதல் வேலையில் எனக்குக் கிடைத்தது பழைய சம்பளத்தில் பாதிக்கும் குறைவு. "உங்கள் பழைய சம்பளம் என்ன?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், உடனே, இந்த வேலைக்கு எதிர்பார்ப்பது எவ்வளவு என்றும் ஓர் எண்ணைச் சொல்லுங்கள். எண்ணைச் சொல்லாமல் "நியாயமாகக் கொடுங்கள்" என்றால், மூன்று மாதத்தில் எண்ணெய் விலை ஏறியதும் ஓடிவிடுவார் என்று நினைப்பார்கள்.

10. காலமும் காசும்

இன்று மறுபடி தொடங்கினால் இப்படிச் செய்வேன். முதல் வாரம்: சொக்சோ விண்ணப்பம், சேவைக் கடிதம். முதல் மூன்று மாதம்: அடிப்படை மின்சாரம், பச்சை அட்டை, பயிற்சிக்கு ஒப்புதல் கேட்டு விண்ணப்பம். நான்காம், ஐந்தாம் மாதம்: செடா பயிற்சியும் தேர்வும். அதே சமயத்தில் வாரத்துக்கு ஒரு நாள் யாராவது ஒப்பந்தக்காரரோடு கூரைக்குப் போவது. ஆறாம் மாதம்: சொந்த வடிவமைப்பு. ஏழு, எட்டு: நேர்காணல்கள். சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் இடையில் வந்தால் ஒரு மாதம் கூட்டிக்கொள்ளுங்கள், அந்த வாரங்களில் யாரும் ஆள் எடுப்பதில்லை.

ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். பயிற்சிக் கட்டணத்தைவிட அதுதான் பெரிய செலவு. போக்குவரத்தில் ஒரு சிறு பொறி: 50 ரிங்கிட் மாத அட்டை எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., ரேபிட் பஸ்களுக்குச் செல்லும், கொமுட்டர் ரயிலுக்குச் செல்லாது. செந்தூலிலிருந்து ஷா ஆலம் வகுப்புக்கு நான் அந்த அட்டையை நம்பிப் போய், முதல் நாளே வாயிற்கதவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

ரசீதுகளை வைத்திருக்கச் சொன்னதற்குக் காரணம் வரி. சொந்தக் கல்விக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு; அதற்குள்ளேயே குறுகிய திறன் மேம்பாட்டுப் பயிற்சிகளுக்கு 2,000 வரை, அங்கீகாரம் பெற்ற பயிற்சி என்றால் மட்டும். சேரும் முன்பே மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ரசீதில் உங்கள் முழுப் பெயரும் அடையாள அட்டை எண்ணும் இருக்க வேண்டும். என் ரசீதில் தகப்பனார் பெயரை விட்டுவிட்டார்கள். திருத்திக் கொடுக்க மையத்துக்குப் பதினாறு நாள் ஆனது. இணையத்தில் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்கு அப்போது மூன்று நாள்தான் மீதி.